முறுக்கணும், முறுக்கலாம்

"அந்தத் தடியன்கிட்ட சொல்லி வை!"

காலை வேளையில் அந்த வீட்டில் எழும் முதல் குரல் இதுதான். வாசற்படியில் உட்கார்ந்து ஷூவை மாட்டிக்கொண்டே பெரியவன் உள்ளே பார்த்துக் கத்தினான். லாரிப் பட்டறையில் ஃபிட்டர் வேலை அவனுக்கு. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதைத் துடைப்பதா, கணவனுக்குக் காது கொடுப்பதா என்று தெரியாமல் அந்த வீட்டு மருமகள் கரித்துணியோடு ஓடி வந்தாள்.

"என்னங்க சொல்லணும்?"

"பட்டையோட கண்ணு போல்ட்டு இருக்குல்ல, அதை இப்ப முறுக்கக்கூடாது. சும்மா மாட்டி மட்டும் வைக்கணும். சக்கரம் போட்டு, கீழ இறக்கி, வண்டி பாரத்தோட உக்காந்தப்புறம்தான் முறுக்கணும். அந்த மண்டையில ஏறுமான்னு கேளு!"

அந்தத் தடியன் வேறு யாருமில்லை, கூடப் பிறந்த தம்பிதான். பக்கத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினான். அண்ணன் கிளம்பிப் போன பிறகுதான் எழுந்து வருவான். அவன் வெல்டர். வீட்டிலேயே இரும்புக் கேட்டும் கிரில்லும் செய்து கொடுக்கிறவன். அண்ணனும் தம்பியும் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தார்கள், ஒரே பானைச் சோற்றைத்தான் சாப்பிட்டார்கள். ஆனால் அப்பா போன நாளிலிருந்து ஒருவன் முகத்தை ஒருவன் பார்ப்பதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், முகம் பார்க்காத இந்த இருவரும் சேர்ந்துதான் ஒரு வண்டியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் பழைய பிக்கப் வண்டி அது. வீட்டிலிருந்து தார்ச்சாலைக்கு இறங்கும் வழி முழுக்கக் கல்லும் பள்ளமும். நடுவில் ஒரு ஓடை வேறு. அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்த அன்று அந்த ஓடை இறக்கத்தில்தான் பின்பக்கத்துப் பட்டை ஒடிந்து வண்டி நின்றுவிட்டது. வண்டியின் பாரத்தைத் தாங்க, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய வளைந்த எஃகுத் தகடுகளே அந்தப் பட்டை. அதன் முனைகளில் வளையமாகச் சுருட்டிய துளைதான் கண்; அதற்குள் ரப்பர் வைத்து, போல்ட்டால் வண்டியோடு இணைப்பார்கள். பட்டையைப் பார்த்து வைக்காத அண்ணன் மேல் தம்பிக்குக் கோபம். கல்லென்றும் பாராமல் விரட்டிய தம்பி மேல் அண்ணனுக்குக் கோபம். இரண்டு கோபமும் பக்கத்துக் கொட்டகைக்குள் வந்து, ஆளுக்கொரு நேரத்தில், ஒரே வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டன.

அதிகாலையில் பெரியவன் வேலை செய்வான். பெரிய லாரியின் பட்டைகளில் நீளமானவையாகப் பொறுக்கி, கனத்தைக் குறைத்து, வரிசை மாற்றி அடுக்குவான். கல்லில் ஏறும்போது வளைந்து கொடுக்க வேண்டும், பாரம் ஏறினால் படிந்துவிடக் கூடாது. அவன் போன பிறகு சின்னவன் வருவான். அந்த நீளத்துக்குத் தக்கபடி தாங்கிகளை வெட்டி, வண்டியின் அடிச்சட்டமான சேஸில் வைத்து வெல்டிங் அடிப்பான். ஒருவன் விட்ட இடத்தில் இன்னொருவன் தொடர வேண்டுமே, அதற்குச் சேதி வேண்டாமா? அந்தச் சேதிக்குத்தான் இவள் இருந்தாள். சமையலுக்கு, துணிக்கு, மாமியாரின் மூச்சிரைப்புக்கு என்று ஏற்கெனவே இருந்தவள் இதற்கும் இருந்தாள்.

அவளுடைய தங்கை கீழே டவுனில் தையல் கடை வைத்திருந்தாள். "அக்கா, வந்து என்கூட உக்காரு, ரெண்டு மிஷின் போடலாம்" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துவிட்டாள். "வண்டி முடியட்டும்டி" என்பதுதான் இவளுடைய பதில். கல்யாணத்துக்கு முன் இவள் தைத்துக் கொடுத்த ரவிக்கைக்காகவே காத்திருந்தவர்கள் உண்டு. இப்போது அந்த விரல்களில் கிரீஸ் ஏறி, சோப்புப் போட்டாலும் போகவில்லை.

கணவன் தெருமுனை திரும்பியதும் டீயை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனாள். சின்னவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்.

"என்ன அண்ணி, துரை என்ன உத்தரவு போட்டுட்டுப் போனாரு?"

"அப்படியெல்லாம் இல்ல தம்பி. நீ அடிச்ச வெல்டிங்கை டார்ச் அடிச்சுப் பாத்தாரு. நல்லா வந்திருக்குன்னாரு. அப்புறம்... அந்தக் கண்ணு போல்ட்டை வண்டியைக் கீழ இறக்கினப்புறம் முறுக்கிக்கலாமாம்."

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். சொன்னதில் ஒரு எழுத்து மாறியிருந்தது. முறுக்கணும் என்பது முறுக்கலாம் ஆகியிருந்தது. அவள் வாய்க்கு அது பழக்கமாகிவிட்டது. 'ணும்' என்றால் சின்னவன் முறுக்கிக்கொள்வான், 'லாம்' என்றால் செய்வான். தடியன் தம்பி ஆவான், மண்டை மறைந்து போகும். கசப்பு மாத்திரையைச் சர்க்கரையில் புதைத்துக் கொடுப்பதுபோல் எத்தனை நாளாகக் கொடுத்து வந்தாள்!

சின்னவன் அதைச் சின்னவன் மாதிரியேதான் புரிந்துகொண்டான். அப்புறம் முறுக்கலாம் என்றால் இப்போதும் முறுக்கலாம்தானே? கீழே இறக்கிவிட்டால் வண்டிக்கு அடியில் நுழைவது கஷ்டம். சக்கரம் காற்றில் தொங்கும்போதே நான்கு போல்ட்டையும் இழுத்து முறுக்கிவிட்டு, சாயங்காலம் வண்டியை இறக்கி வைத்தான்.

மறுநாள் பெரியவன் பட்டறைக்குப் போன கையோடு, சின்னவன் வண்டியை ஓட்டிப் பார்க்கக் கிளம்பினான். ஓடை இறக்கத்தில் பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போட்டது. பட்டையின் கண்ணில் இருந்த ரப்பர் கிழிந்து, பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய், வண்டி கரையில் முட்டி நின்றது. நெற்றியில் ரத்தம் வழிய அவனைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வண்டியைக் கயிறு கட்டி மேலே இழுத்து வந்தார்கள். சேதி கேட்டுப் பெரியவன் பாதி வேலையில் ஓடி வந்தான்.

வந்தவன் தம்பியின் நெற்றியைப் பார்த்தான். வண்டிக்கு அடியில் புகுந்து, கிழிந்த ரப்பர் துண்டோடு வெளியே வந்தான்.

"காத்துல தொங்கும்போதே முறுக்கியிருக்கு. அப்படி முறுக்கினா ரப்பர் அந்த நிலையிலேயே இறுகிடும். பாரம் வந்து பட்டை அசையும்போது திருகிக்கிட்டுக் கிழியாம என்ன செய்யும்? படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினேனே... ஏண்டி, சொன்னியா இல்லையா?"

"சொன்னேங்க..."

"என்ன சொன்னே?"

சின்னவன் குறுக்கே பேசினான். அண்ணனிடம் அல்ல, சுவரிடம். "'முறுக்கலாம்'னாங்க."

"நான் 'முறுக்கணும்'னு சொன்னேன்!"

கட்டிலில் கிடந்த மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தாள். மூச்சு வாங்கியது. ஆனாலும் வார்த்தைக்குப் பஞ்சமில்லை.

"பாத்தியாடா... பாத்தியா! நான் அன்னைக்கே நினைச்சேன். என் பிள்ளைங்க ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு உசுரா இருந்ததுங்க. இவ நடுவுல பூந்து ஒண்ணை ஒம்பதாக்கிச் சொல்லித்தான் இந்தப் பேச்சே நின்னு போச்சு! ஏண்டி, என் குடும்பத்தை ரெண்டாக்கிட்டு நீ என்ன அனுபவிக்கப் போறே? இன்னைக்கு என் பிள்ளை உசுரோட வந்திருக்கான்... வராமப் போயிருந்தா?"

மருமகள் கணவனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்வான் என்று பார்த்தாள். அவன் கையிலிருந்த ரப்பரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த நிமிடம்தான் அவளுக்கு மனசு விட்டுப் போயிற்று. அழுகைகூட வரவில்லை. அசதிதான் வந்தது, எலும்பு வரைக்கும் இறங்கிய அசதி.

"ஆமா அத்தை," என்றாள். "மாத்தித்தான் சொன்னேன். நேத்து மட்டும் இல்ல, இத்தனை நாளா மாத்தித்தான் சொன்னேன். இன்னைக்கு அப்படியே சொல்லிடறேன், கேட்டுக்கோங்க."

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, அன்னைக்கு மழையில வெல்டிங் வச்சுட்டிருந்தியே. 'நனையாதே, தார்ப்பாய் கட்டிக்கோன்னு அண்ணன் சொன்னாரு'ன்னு வந்து கட்டிக் கொடுத்தேனே. அவர் சொன்னது அது இல்ல. 'கரண்ட் அடிச்சுச் சாகட்டும்'னாரு."

பெரியவனின் தலை வெடுக்கென்று நிமிர்ந்தது.

"என்னங்க, உங்களுக்கும் ஒண்ணு இருக்கு. 'அண்ணன் அடுக்கின மாதிரி பட்டை அடுக்க ஆள் கிடையாது'ன்னு தம்பி சொன்னதா சொன்னேனே, சந்தோஷமா ரெண்டு வாய் கூடச் சாப்பிட்டீங்களே? அவன் சொன்னது, 'அந்த ஆளு கவனிக்காம விட்ட பட்டைதானே அப்பாவைக் கொன்னுது'ன்னு."

மாமியார் சுவரைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்தாள்.

"'அண்ணன் சாப்பிட்டாரா'ன்னு இவன் கேக்கவே இல்ல. 'தம்பிக்குக் காய்ச்சல் விட்டுச்சா'ன்னு அவர் கேக்கவே இல்ல. எல்லாம் நானே கேட்டு, நானே பதில் சொல்லிக்கிட்டேன்... பைத்தியக்காரி! ஏன் தெரியுமா? அன்னைக்கு வண்டியில மாமா தலை என் மடியிலதான் இருந்துச்சு. பட்டை ஒடிஞ்சு வண்டி நின்னதும் நீங்க ரெண்டு பேரும் கீழ இறங்கி, 'உன்னாலதான்'னு அவனும் 'உன்னாலதான்'னு நீங்களும் கத்துனீங்க பாருங்க, அதைக் கேட்டுக்கிட்டேதான் அவர் உசுரு போச்சு. 'இதுங்க முட்டிக்கும்... நீ நடுவுல இரும்மா'ன்னாரு. இருந்தேன். இனிமே என்னால முடியல. ஒரு எழுத்தை மாத்தினது என் தப்புதான். தம்பி, அந்தக் காயம் என்னாலதான். ஆனா பக்கத்து அறைக்கு ஆள் விட்டுப் பேசுற வீட்டுல எழுத்து மாறாம என்ன ஆகும்?"

உள்ளே போனாள். புடவைகளை ஒரு பையில் வைத்தாள். மாமியாரின் மாத்திரைகளை எடுத்து, காலைக்கு எது, ராத்திரிக்கு எது என்று பிரித்து ஜன்னலோரம் வைத்தாள். கோபத்திலும் அது மறக்கவில்லை பாருங்கள், அதுதான் அவள்.

ராத்திரிச் சோற்றையும் வடித்து வைத்துவிட்டு, சாயங்காலம் பையோடு வெளியே வந்தபோது கொட்டகையில் சத்தம் கேட்டது. வண்டியை மறுபடி தூக்கி, பழைய போல்ட்டைக் கழற்றி, புது ரப்பர் போட்டு இறக்கியிருந்தார்கள். வண்டிக்கு அடியில் நான்கு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"...இப்ப முறுக்கலாமா?"

"இரு. வெறும் வண்டி பத்தாது. கொஞ்சம் பாரம் ஏறட்டும். அப்பதான்டா முறுக்கணும்."

"சரிண்ணே."

அந்த 'அண்ணே' கேட்டு எத்தனை காலமாயிற்று! அவள் காலடி தானாக நின்றது. இதற்குள் அவளுடைய நிழலைப் பார்த்துவிட்ட பெரியவன் வண்டிக்கு அடியிலிருந்தே மெல்லச் சொன்னான்.

"டேய், உங்க அண்ணிகிட்ட சொல்லு... தப்பு என் மேலதான்னு."

சின்னவன் கட்டுப் போட்ட நெற்றியோடு வெளியே ஊர்ந்து வந்தான். "அண்ணி, அண்ணன் என்ன சொல்றாருன்னா..."

"கேட்டுச்சு. அவர் வாயால, என் முகத்தைப் பாத்துச் சொல்லச் சொல்லு."

பெரியவன் வெளியே வந்தான். முகமெல்லாம் கிரீஸ். பட்டறையில் அத்தனை பேரை அதட்டுகிற ஆள், மனைவியின் எதிரில் நின்று கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"அம்மா உன்னை அப்படிப் பேசினப்போ நான் வாயைத் திறந்திருக்கணும். திறக்கல. நீ நடுவுல நிக்கிறது எனக்கு வசதியா இருந்துச்சு. மன்னிச்சுடு."

அவளுக்கு அப்போதுதான் கண்ணில் நீர் திரண்டது. பின்னால் வந்த மாமியார் அவள் தோளைப் பிடித்துத் திருப்பி, மார்பில் சாய்த்துக்கொண்டு ஓவென்று அழுதாள். "போயிடாதேம்மா... என் நாக்குல தீயை வைக்க! அவர் உன்னை நம்பித்தானே சொல்லிட்டுப் போனாரு... எனக்கு இது தெரியாமப் போச்சே!"

"அழாதீங்க அத்தை, மூச்சு இளைக்கும். நான் போகத்தான் போறேன். தங்கச்சி வீட்டுல கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன். எனக்கு ஓய்வு வேணும் அத்தை, அவ்வளவுதான்."

யாரும் தடுக்கவில்லை. அவள் பையைத் தூக்கி வண்டியின் பின்பக்கம் போட்டு, தானும் ஏறி உட்கார்ந்தாள். "பாரம் வேணும்னீங்களே. நான் இருக்கேன், முறுக்குங்க." மாமியாரும் அடம்பிடித்து ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அடியில் ஸ்பேனர் கிறீச்சிட்டது. பிறகு அண்ணனும் தம்பியும் முன்னால் ஏறினார்கள். அவர்களுக்கு நடுவில் யாரும் இல்லை.

ஓடை இறக்கத்தில் வண்டி இறங்கியது. ஒரு பக்கம் கல்லில் ஏறி வளைந்து கொடுத்தது, மறுபக்கம் பள்ளத்தில் இறங்கி நின்றது. அப்பாவின் உயிர் போன இடத்தை ஆடாமல் கடந்தது. முன்னால் சண்டை ஆரம்பித்துவிட்டது.

"மெதுவாப் போடா, முட்டாப்பயலே!"

"உனக்குத் தெரிஞ்சா நீ ஓட்டு!"

மாமியார் பதறி அவள் கையைப் பிடித்தாள். "ஏம்மா, திரும்பவும் ஆரம்பிச்சுட்டானுங்க. ஏதாவது சொல்லேன்..."

"அவங்களே பேசிக்கட்டும் அத்தை," என்று சொல்லிவிட்டு, பையைத் தலைக்கு வைத்து அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.