ஒரே குத்தில் முடிந்ததா?

காலை ஷிப்டு முடிவதற்குள் ஞானப்பூவுக்கு ஏழு வலது கைகள் வலித்தன. ஒன்று அவளுடையது. மீதி ஆறும் அவளிடம் படிக்கிற செவிலிப் பிள்ளைகளுடையவை.

நிலவின் தென்முனைப் பனிச்சுரங்கத்து ஆஸ்பத்திரியில் இதை யாரும் அதிசயமாகப் பேசுவதில்லை. பயிற்றுநரின் மணிக்கட்டில் ஒரு சில்லு, மாணவியின் மணிக்கட்டில் ஒரு சில்லு, இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத கைச்சரடு. மாணவியின் கை எங்கே அழுத்துகிறது, எங்கே நடுங்குகிறது என்பதெல்லாம் பயிற்றுநரின் கைக்கு வந்து சேர்ந்துவிடும். தப்பு நடக்கப்போகிறது என்று தோன்றினால் சுண்டுவிரலை மடக்க வேண்டியதுதான். அந்த நொடியிலிருந்து மாணவியின் கை பயிற்றுநர் ஆட்டியபடி ஆடும். அதற்கு இழுப்பு என்று பெயர்.

மற்ற வேலையெல்லாம் எந்திரங்கள் பார்த்துக்கொண்டன. நோயைக் கண்டுபிடித்தன, மருந்து கலந்தன, மலச்சட்டி எடுத்தன. ஊசி மட்டும் மனிதக் கை. எப்போதோ ஒரு எந்திரம் வரிசையில் நின்ற எண்பது பேருக்கும் ஒரே மாதிரி எலும்பில் குத்திவிட்ட பிறகு, உயிருள்ள தோலை எந்திரம் துளைக்கக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். சுரங்கத்து ஆட்களின் நரம்போ லேசில் அகப்படாது. நிலவில் ரத்தம் தலைப்பக்கம் ஏறிக்கிடக்கும். கை நரம்பு உள்ளே போய் ஒளிந்துகொள்ளும்.

ஊசி போட்டு முடித்ததும் தலைமாட்டுப் பலகை நோயாளியிடம் கேட்கும்: ‘ஒரே குத்தில் முடிந்ததா?’ இல்லை என்று தொட்டால் பயிற்றுநருக்கு ஒரு புள்ளி குறையும். பத்து குறைந்தால் பூமிக்கு ஏற்றி அனுப்பிவிடுவார்கள். ஞானப்பூவுக்குப் பூமியில் யாரும் இல்லை. இருபது வருஷம் இங்கே கிடந்த முட்டி அந்த ஈர்ப்பைத் தாங்கவும் தாங்காது. அதனால் அவள் இழுத்தாள்.

“என்ன பிள்ள, ஊசியைக் கையில வச்சுக்கிட்டு சாமி கும்பிடுதியா?” என்றான் கட்டிலில் கிடந்த, சுரங்கத்தில் பனி துளைக்கிற சுடலைமணி.

“பொறுங்கண்ணே, நரம்பு தேடுதேன்,” என்றாள் மாணவி முத்துப்பேச்சி.

“நான் என்ன தொலைச்சிட்டா வந்திருக்கேன், தேடுததுக்கு? ஷிப்டு சங்கு ஊதுததுக்குள்ள குத்தி விடுட்டி.”

பேச்சியின் கை தோலுக்கு நகக்கண் அளவு மேலே வந்து நின்றது. நாலு கட்டில் தள்ளி நின்ற ஞானப்பூ சுண்டுவிரலை மடக்கினாள். ஊசி இறங்கியது, குழாயில் ரத்தம் தெரிந்தது. சுடலைமணி ‘ஆம்’ என்று தொட்டுவிட்டு எழுந்து போனான்.

பேச்சி பக்கத்தில் வந்தாள். “சிஸ்டர், ஒரே ஒரு தடவை இழுக்காம விடுங்க. தப்பாப் போனாலும் நானே குத்துதேன்.”

“யாரு கையில ஏட்டி தப்பாக் குத்துவ? உங்க அப்பா கையிலயா?”

“என் கையிலயே குத்திப் பாத்துட்டேன். நம்ம நரம்பு தெரியுது சிஸ்டர். இவங்களுக்குத்தான் தெரிய மாட்டேங்கு.”

“நாளைக்குப் பாப்போம்.”

அந்த ‘நாளை’ வரவில்லை. சான்றிதழுக்குத் தன் கையால் ஐம்பது ஊசி போட்டிருக்க வேண்டும் என்பது விதி. பதிவேடு ஊசியைப் பிடித்த விரலின் ரேகையைப் பார்த்தது. ஆட்டிவைத்தது யார் என்று கேட்கவில்லை. கடைசி வாரத்தில் ஞானப்பூ ஒரு கையில் டீயும் மறு கையில் பேனாவுமாக உட்கார்ந்து ஆறு பதிவேட்டிலும் கையெழுத்துப் போட்டாள். பேச்சியின் சில்லைக் கழற்றிவிட்டு, பதினாலாம் சுரங்கத்துச் சின்ன மருத்துவமனைக்குத் தனி ஆளாக அனுப்பினார்கள்.

மூன்று மாதம் கழித்து அங்கே மேற்பார்வைக்குக் கிளம்பிய ஞானப்பூவின் வண்டி பனிமேட்டில் கவிழ்ந்தது. இரும்புத் தகடு தொடையைக் கிழித்துவிட்டது. பக்கத்தில் இருந்தது பதினாலாம் சுரங்கம்தான். அங்கிருந்த எந்திரம் தொடையை இறுக்கிக் கட்டியது, ரத்தப் பையைத் தூக்கிப் பிடித்தது, அப்படியே நின்றது. “இனி மனிதக் கை,” என்றது.

பேச்சி ஞானப்பூவின் கையில் பட்டை கட்டித் துடைத்தாள். ஊசி இறங்கி வந்தது. தோலுக்கு நகக்கண் அளவு மேலே நின்றது.

ஞானப்பூவின் சுண்டுவிரல் தானாக மடங்கியது. ஒன்றும் நடக்கவில்லை.

“குத்து ஏட்டி.”

“கை போக மாட்டேங்கு சிஸ்டர். நீங்க இழுப்பீங்கனு நிக்கி.”

“மூணு மாசமா என்ன செஞ்ச?”

“மாத்திரை குடுத்தேன். ஊசின்னா ஆளை உங்ககிட்டயே வண்டி ஏத்தி விட்ருவேன். எங்க பாத்துக் குத்தணும், சொல்லுங்க.”

“அது வந்து... தொட்டா தெரியும்.”

“என்ன தெரியும்?”

ஞானப்பூ யோசித்தாள். முந்நூறு கைகளை இழுத்திருக்கிறாள். ஒரு கைக்கும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. “நீயே குத்திப் பாரு,” என்றாள்.

முதல் குத்து எங்கேயோ போனது. இரண்டாவதில் நரம்பு கிழிந்து தோலுக்கடியில் நீலமாகப் புடைத்தது. மூன்றாவதும் வீண். நான்காவதில் ஞானப்பூ கத்தினாள்: “வேற ஆளே இல்லையா? தெரிஞ்ச ஆளாக் கூப்பிடு!”

“தெரிஞ்ச ஆளு நீங்கதான் சிஸ்டர்,” என்றாள் பேச்சி. குத்திக்காட்டவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள்.

ஐந்தாவதும் தவறியது. பேச்சி ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடினாள். விரல் நுனியால் முழங்கையிலிருந்து மெல்லத் தடவிக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. ஆறாவது குத்தில் கருஞ்சிவப்பாக ரத்தம் ஏறியது.

“இது நானே குத்தினது சிஸ்டர்,” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

தலைமாட்டுப் பலகை கேட்டது: ‘ஒரே குத்தில் முடிந்ததா?’ ஞானப்பூவின் கை முழங்கை வரை வீங்கியிருந்தது. ‘இல்லை’ என்று தொட்டாள். எத்தனை என்று கேட்டது. ஆறு என்றாள். யோசித்துச் சொல்லவில்லை. கட்டிலில் கிடக்கிறவர்கள் யாரும் யோசிப்பதில்லை.

மூன்று குத்துக்கு மேல் போனால் சான்றிதழ் செல்லாது. கைச்சரடுடன் மறுபடி ஐம்பது ஊசி போட வேண்டும். கற்றுக்கொடுத்தவருக்கும் ஒரு புள்ளி குறையும். ஞானப்பூவுக்கு அது ஒன்பதாவது. இன்னும் ஒன்று போனால் பூமிதான்.

ஞானப்பூ ஊன்றுகோலுடன் வார்டுக்கு வந்த அன்று பேச்சியும் வந்து நின்றாள். மணிக்கட்டில் சில்லு வைத்த புதுத் தையல். புதிதாகச் சேர்ந்த ஆறு பிள்ளைகளோடு சேர்த்து ஞானப்பூவுக்கு எட்டாவது கை வலிக்கத் தொடங்கியது.

“இனிமே இழுக்க வேண்டாம் சிஸ்டர். எனக்குத்தான் இப்ப தெரியுமே.”

“சரி.”

முதல் கட்டிலில் சுடலைமணி. “நீ இன்னும் படிச்சு முடிக்கலையா? சீக்கிரம் பிள்ள, சங்கு ஊதப்போகுது.”

பேச்சியின் விரல் தடவி வந்து சரியான இடத்தில் நின்றது. சரியான இடம்தான் என்று ஞானப்பூவின் கைக்கும் தெரிந்தது. இந்தத் தடவை ஊசி நகக்கண் தூரத்தில் நிற்கவில்லை, இறங்கிக்கொண்டிருந்தது. ஞானப்பூ சுண்டுவிரலை மடக்கினாள்.

சுடலைமணி ‘ஆம்’ என்று தொட்டான். பதிவேட்டில் பேச்சியின் பெயருக்கு ஒன்று ஏறியது. பேச்சி தன் கையையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

ஞானப்பூ அவளுக்கு ஐம்பது ஊசி தர வேண்டியிருந்தது. தந்தது ஒன்று, அதுவும் வேறு வழியில்லாமல் தன் கையில். பாக்கி நாற்பத்தொன்பது.