அழுத்தி எழுதியவர்கள்

வட கனடாவில் ஓடும் யூக்கான் ஆற்றின் இரண்டு கரைகளிலும், ஒரு சுவரைச் சுத்தம் செய்வதில் ஆர்லோவை மிஞ்சும் ஆள் இதுவரை பிறக்கவில்லை. இனிமேல் பிறப்பதும் சந்தேகம்தான்.

இதைச் சொன்னது ஆர்லோவேதான். கேட்டுக்கொண்டிருந்தது ஜூனி. இரண்டு பேருக்கும் பதினொரு வயது. அவன் என்ன அளந்தாலும் அவள் சிரிக்காமல் கேட்பாள். அதனால்தான் அவள் அவனுடைய உயிர்த்தோழி.

"இதுவரைக்கும் எந்தச் சுவரைடா சுத்தம் பண்ணியிருக்க?"

"இன்னும் ஆரம்பிக்கல. திறமை உள்ளே இருக்கு."

அவர்கள் ரேவன்பெண்ட் தபால் நிலையத்தின் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்கள். தங்கம் தோண்ட வந்தவர்கள் காலத்தில் கட்டிய மரக் கட்டடம் அது. அடியில் உறைந்து கிடக்கும் மண் வருடத்துக்கு ஒரு பக்கம் இளகும். கட்டடமும் அந்தப் பக்கம் சாயும். உள்ளே பென்சில் கீழே விழுந்தால் குனிந்து தேட வேண்டாம். வாசலில் போய் நின்றால் தானே உருண்டு வரும்.

அதை இடித்துவிட்டுத் தகரக் கட்டடம் ஒன்று போடலாம் என்று அரசாங்கம் நினைத்தது. காப்பாற்றத் தகுந்த கட்டடம்தானா என்று பார்க்க, பழைய கட்டடங்களுக்கான அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா மறுநாள் வருவதாக இருந்தது.

"அந்தம்மா உள்ளே வந்ததும் முதல்ல எதைப் பார்ப்பாங்க? அந்தக் கிறுக்கல் சுவரை!" என்றான் ஆர்லோ. "பார்த்ததுமே இடிச்சுடுங்கன்னு சொல்லிடுவாங்க."

வாசலுக்கு வலப்பக்கம் இருந்தது அந்தச் சுவர். ஊரைவிட்டுப் போகிறவர்கள் அதில் பென்சிலால் தங்கள் பெயரையும் போகிற ஊரையும் எழுதிவிட்டுப் போவார்கள். அவர்களுக்குக் கடிதம் வந்தால், தபால்காரி மேவிஸ் அத்தை சுவரைப் பார்த்து அந்த ஊருக்கு அனுப்பிவைப்பாள்.

"போறவங்க பேசாமப் போக வேண்டியதுதானே? கம்பத்தைக் கண்டா காலைத் தூக்குற நாய்க்கும் இவங்களுக்கும் என்ன வித்தியாசம்? மாசக் கடைசியில நாங்க எட்மன்டன் போறோம் இல்ல? நான் ஒரு புள்ளிகூட வைக்க மாட்டேன், பாரு!"

ஜூனி சுவர் இருந்த பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். எழுந்து வீட்டுக்குப் போனாள்.

அன்று விமானத்தில் வரும் தபால் மூட்டைகளை எடுத்துவர மேவிஸ் அத்தை கிளம்பினாள். போகும்போது சாவியை ஆர்லோவிடம் கொடுத்தாள்.

"ஜன்னலைத் துடைச்சு வை. ஜன்னலை மட்டும்."

ஜன்னல் வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. திறமையோ இன்னும் நிறைய மிச்சம் இருந்தது. பின்னால் கொட்டகையில், பள்ளிக்கூட வேலிக்கு அடித்து மீந்த வெள்ளை பெயின்ட் கொஞ்சம் கிடந்தது. சுவர் முழுவதற்கும் போதாது. ஆர்லோ தாராளமாகத் தண்ணீர் ஊற்றிக் கலக்கினான்.

மதியத்துக்குள் சுவர் பாலாடை மாதிரி ஆகிவிட்டது. நாலு தப்படி பின்னால் வந்து பார்த்தான். தான் சொன்னது பொய்யில்லை என்று அவனுக்கே தோன்றியது.

அப்போதுதான் ஜூனி கடிதம் வாங்க உள்ளே வந்தாள். வழக்கம்போல வலது கையைச் சுவரின் பக்கம் நீட்டினாள். கை பாதியிலேயே நின்றுவிட்டது.

ஆர்லோ பிரஷைக் கீழே வைத்தான்.

ஜூனி நடக்கப் பழகிய வருடத்தில் அவளுடைய அம்மா வான்கூவர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். போகும்போது சுவரின் கீழ்ப்பக்கத்தில் எழுதினாள்: 'ரூத். வான்கூவர். சீக்கிரம் வந்துவிடுவேன்.' அவள் வரவில்லை. தபால் நிலையத்துக்கு வரும்போதெல்லாம் ஜூனி அந்த வரியை ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் கடிதம் கேட்பாள். அதை ஆர்லோ எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான். பிரஷ் கையில் இருந்தபோது மட்டும் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

"ஜூனி... நான் கட்டடத்தைக் காப்பாத்தத்தான்..."

"தெரியும்."

அவள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. திட்டவில்லை.

பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். மேவிஸ் அத்தை தபால் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு நின்றாள்.

"ஆர்லோ. ஜன்னல்னு சொன்னேன்."

"அதையும் துடைச்சிட்டேன் அத்தை."

"அடப்பாவி! அந்தச் சுவரைப் பார்க்கத்தான்டா அந்தம்மாவே வர்றாங்க. சாஞ்சு நிக்கிற மரக் கட்டடம் வடக்கே ஊருக்கு ஊர் இருக்கு. இந்தச் சுவர் வேற எங்கே இருக்கு?"

"ஈரத்துணியால தேய்ச்சுடட்டுமா?"

"தேய்ச்சா பென்சிலும் சேர்ந்துல்ல வந்துடும்!" மேவிஸ் அத்தை மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஜூனி மட்டும் சுவரிடம் போனாள். பெயின்ட் காய்ந்திருந்தது. விரல் நுனியால் மெதுவாகத் தடவினாள்.

"இங்கே பள்ளமா இருக்கு," என்றாள். "தங்கம் தோண்ட வந்த ஹூகோ தாத்தா எழுதின இடம். கோடாலி பிடிக்கிற மாதிரிதான் அவர் பென்சில் பிடிப்பாராம்."

ஆர்லோ நிமிர்ந்தான். பனியில் மூடிப்போன பழைய வண்டித் தடத்தைத் தேடும்போது விளக்கைத் தூக்கிப் பிடித்தால் ஒன்றும் தெரியாது. தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்தால் பள்ளமெல்லாம் நிழல் கட்டி நிற்கும். அந்த ஊரில் இது நாய்க்குட்டிக்குக்கூடத் தெரியும்.

"அத்தை, டார்ச்! ஜூனி, ஜன்னலை மூடு!"

ஜன்னல்களில் தபால் சாக்குகளைத் தொங்கவிட்டார்கள். அறை இருண்டது. ஆர்லோ டார்ச்சைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தான்.

வெள்ளைச் சுவரில் எழுத்துகள் எழுந்து நின்றன.

'ஹூகோ. நோம். அங்கே தங்கம் இருக்கிறதாம்.'

'ஹூகோ. திரும்பி வந்துவிட்டேன். இல்லை.'

'பெர்த்தா. எங்காவது வெயில் அடிக்கும் ஊர்.'

மேவிஸ் அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். ஜூனி சிரிக்கவில்லை.

"கீழே காட்டு. இன்னும் கீழே."

ஆர்லோ தரையில் படுத்தான். இடமிருந்து சாய்த்தான். வலமிருந்து சாய்த்தான். கீழிருந்தும் பார்த்தான். அந்த இடத்தில் வெள்ளை மட்டும்தான் இருந்தது.

"அம்மா அழுத்தி எழுத மாட்டாளாம்," என்றாள் ஜூனி. "பேப்பருக்கு வலிக்கும்னு நினைப்பாளோ என்னவோன்னு அப்பா சொல்லுவார்."

"நான் வேணும்னா திரும்ப எழுதட்டுமா? அதே இடத்துல, அதே மாதிரி?"

"அது உன் கையெழுத்தாத்தானே இருக்கும்."

ஆர்லோ டார்ச்சை அணைக்கவில்லை. ஜூனிதான் அணைத்தாள்.

மறுநாள் அந்த அம்மா வந்தார். மிஸ் ப்ரூவர் என்று பெயர். வெள்ளைச் சுவரைப் பார்த்ததும் அவருடைய முகம் கொட்டாவி வந்தது மாதிரி நீண்டது.

"யார் இதைச் செய்தது?"

மேவிஸ் அத்தை வாயைத் திறப்பதற்குள் ஆர்லோ முன்னால் வந்தான்.

"நான்தான். யாரும் சொல்லல. நானாத்தான் செஞ்சேன். ஆனா உள்ளே இருக்கு. காட்டறேன், வாங்க."

மிஸ் ப்ரூவர் அன்று முழுவதும் நல்ல கோட்டோடு தரையில் படுத்துக் கிடந்தார். எழுந்தபோது முதுகெல்லாம் தூசி.

"கட்டடம் இருக்கும்," என்றார். பிறகு ஆர்லோவைப் பார்த்தார். "ஆனால் இந்தச் சுவரில் பாதிதான் மிச்சம். லேசாக எழுதியவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள். அது உனக்குத் தெரிகிறதா?"

"தெரியுதுங்க," என்றான் ஆர்லோ. அவன் பார்வை சுவரின் கீழ்ப்பக்கத்திலேயே இருந்தது.

சில நாட்களில் பித்தளைப் பலகை ஒன்று தபாலில் வந்தது. 'பாதுகாக்கப்பட்ட சுவர். இதில் எழுதக் கூடாது.' ஊரைவிட்டுப் போகிறவர்கள் இனிமேல் ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் போதும் என்று கடிதமும் கூடவே இருந்தது. மேவிஸ் அத்தைதான் பலகையை அடித்தாள். நாலு ஆணியும் கோணலாகப் போயின. அவள் அவற்றை நிமிர்த்தவில்லை.

மாசக் கடைசி வந்தது. வெளியே ஆர்லோவின் அப்பா, சாமான் ஏற்றிய வண்டியை உறுமவிட்டுக் காத்திருந்தார். ஆர்லோ உள்ளே வந்தான். ஜூனியும் கூட வந்தாள்.

மேவிஸ் அத்தை படிவத்தை எடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். படிவத்தைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

"எனக்குப் பின்னாடி முக்கியமான வேலை இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனாள். அங்கே ஒரு வேலையும் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

ஆர்லோ சுவரின் கீழே மண்டியிட்டான். ரூத்தின் வரி இருந்த இடத்தின் மேல் கை படாமல், அதற்குக் கீழே பென்சிலை வைத்தான்.

"சீக்கிரம் வந்துடுவேன்னு எழுதாத," என்றாள் ஜூனி.

"எழுதல."

"நிச்சயமாத் தெரிஞ்சதை மட்டும் எழுது."

அவன் கொஞ்சம் யோசித்தான். வெளியே அப்பா ஹாரன் அடித்தார்.

'ஆர்லோ. எட்மன்டன். இந்தச் சுவருக்கு வெள்ளையடித்தவன்.'

மரத்தில் பள்ளம் விழும்வரை அழுத்தி எழுதினான்.