பின்தட்டில் கிடந்தவன்

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, மலாக்காவின் ஆயர் குரோ தொழிற்சாலை வாசலில் இருக்கும் முகம் பார்க்கும் மெஷினுக்குக் கோகுலராஜைத் தெரியவில்லை. பதினெட்டு வருடமாக அங்கே சூப்பர்வைசர். அந்த மெஷின் வந்த நாளிலிருந்து ஒரு தடவைகூட அவனிடம் தகராறு செய்ததில்லை. தொப்பியைக் கழற்றினான், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முகத்தை நீட்டினான். சிவப்பு விளக்கு. "அண்ணே, போய் மூஞ்சிய கழுவிட்டு வாங்க லா" என்று பின்னால் ஒருவன் சத்தம் போட, வரிசையே சிரித்தது. அவனும் சிரித்தான். வாசல் காவலாளி நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார்.

அவன் நினைப்பெல்லாம் முந்தின நாள் கண்காட்சியில் இருந்தது. பழைய ராணுவ வண்டி சேர்க்கிற பைத்தியம் அவனுக்கு. பாச்சாங்கில் அவன் வீட்டுப் போர்ச்சில் குடும்பக் காருக்கு இடமில்லை. அது ரோட்டோரம் வெயிலில் காயும். உள்ளே நிற்பது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதாம் வருடத்து லேண்ட் ரோவர். முன்விளக்கு இரண்டும் கம்பி வலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் அபூர்வ மாடல். அலோர் காஜா பக்கம் செம்பனை மட்டைகளுக்கு அடியில் மக்கிக் கிடந்ததைத் தோண்டி எடுத்து, நண்பன் மணியத்தோடு இரண்டு வருடம் அதன் அடியில் படுத்து உயிர் கொடுத்தான். அதே வண்டியின் பழைய போட்டோ ஒன்றும் மலாக்கா டவுனில் ஒரு பழம்பொருள் கடையில் கிடைத்தது. அதை மூன்றடிக்குப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தியபோது நடுவர்கள் வாயடைத்துப் போனார்கள். வண்டியின் பின்னால் எழுதியிருந்த ராணுவ எண்ணும் போட்டோவில் தெரிந்த எண்ணும் ஒன்றேதான். முதல் பரிசு அவனுக்கு.

போட்டோவில் பின்கதவு இறக்கி விடப்பட்டிருக்கும். பின்தட்டில் ஒருவன் மல்லாந்து கிடப்பான். தலை விளிம்புக்கு வெளியே தொங்கும், கண் திறந்திருக்கும், சட்டைப் பொத்தான் ஒன்றுகூட இருக்காது. ஓரத்தில் ரப்பர் தோட்டத்து ஜனம் வரிசையில் நிற்கும்.

அந்தக் கண்காட்சிக்குத்தான் குஞ்சம்மா என்று ஒரு கிழவி வந்தார். எண்பது வயதிருக்கும். படத்தின் முன் நின்றவர் நகரவே இல்லை.

"தம்பி, இது எங்கண்ணன்."

"எது பெரியம்மா?"

"இந்தா கெடக்குதே. வெள்ளக்காரன் போட்ட அவசரகாலத்துல, கம்யூனிஸ்ட்டுன்னு பட்டாளம் சுட்டுப்புட்டாங்க. தோட்டத்து ஜனத்தையெல்லாம், காலையில வேலைக்குப் பேரு கூப்பிடுற பெரட்டுல நிக்க வெச்சு, ஒவ்வொருத்தரா கூப்பிட்டு, இவனத் தெரியுமான்னு கேட்டாங்க. தெரியும்னா குடும்பத்தையே லோரியில ஏத்திடுவாங்க. எங்கம்மா பாத்தாங்க, தெரியாதுன்னுட்டாங்க. நானும் தெரியாதுன்னுட்டேன். எங்க பொதைச்சாங்கன்னுகூட கேக்க முடியல. இந்நாள் வரைக்கும் ஒரு படையல் போட்டதில்ல, வெச்சுக் கும்பிட ஒரு படமில்ல. இதக் குடு தம்பி."

அண்ணனின் பேரையும் சொன்னார். அந்த நேரம் பார்த்து சிரம்பானிலிருந்து வந்த ஒருவர் கார்புரேட்டர் பற்றிக் கேட்க, கோகுலராஜின் காது அந்தப் பக்கம் போய்விட்டது. படத்தை ஒரு நகல் எடுத்துக் கொடுத்திருக்கலாம். கைப்பேசியில் ஒரு படம் பிடிக்க விட்டிருந்தால்கூடப் போதும், அரை நிமிட வேலை. ஆனால் பிணத்துக்குச் சொந்தக்காரர் என்று ஒருவர் வந்துவிட்டால் நாளைக்கு யார் யாரோ உரிமை கொண்டாடுவார்கள், பேப்பரில் எழுதுவார்கள் என்று அவன் கணக்கு ஓடியது.

"இந்த ஆள் யாருன்னு யாருக்கும் தெரியாது பெரியம்மா. அதான் இந்தப் படத்துக்கே வேல்யூ. நீங்க வேற யாரையோ நெனைச்சிக்கிட்டு வந்திருக்கீங்க" என்றான். சுற்றி நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். கிழவி அழவில்லை, சாபம் விடவில்லை. பின்கதவின் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெயிலில் நடந்து போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை, வழக்கமான சாப்பாட்டுக் கடையில், பத்து வருடமாக அவன் உட்காருவதற்கு முன்பே பால் ஊற்றாத கோப்பி ஓ கொண்டுவந்து வைக்கும் திலீபன், தோளில் துண்டோடு வந்து நின்று, "என்ன சாப்பிடுறீங்க சார்?" என்றான். இதுநாள் வரை 'அண்ணே' என்றுதான் கூப்பிட்டிருக்கிறான்.

புதன்கிழமை மணியத்தைப் பார்க்கப் பட்டறைக்கே போனான். மணியம் கையிலிருந்த கிரீஸைத் துடைத்தபடி, "சர்வீஸா பாஸ்? நாளைக்கு வாங்க" என்றான்.

"டேய், விளையாடாதடா. நான் கோகுல்."

"எந்த கோகுல்?"

மணியத்துக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் காது சிவக்கும். கோகுலராஜ் அந்தக் காதையே பார்த்துக்கொண்டு நின்றான். சிவக்கவில்லை. மணியம் ஒரு அடி பின்னால் நகர்ந்து, மேசை மேல் கிடந்த ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டான்.

அன்று வீடு திரும்பியதும் போர்ச்சில் ஒரு வாடை அடித்தது. முதலில் ஈரக் கித்தான் கூடாரத்தின் வாடை, அதற்கடியில் பழைய பெட்ரோல், அதற்கும் அடியில் வாளியில் நாள்பட்டுப் போன ரப்பர் ஒட்டுப்பால், எல்லாவற்றுக்கும் அடியில் நாக்கின் நுனியில் ஒட்டுகிற மாதிரி இரும்பு வாடை. பின்தட்டு ஈரமாக இருந்தது. கூரையில் ஒழுகல் இல்லை. துடைத்தான். துணியைப் பிழிந்துவிட்டுத் திரும்புவதற்குள் அதே இடத்தில், ஓர் ஆள் நீளத்துக்கு, மறுபடியும் ஈரம்.

வீடு ஒன்றுதான் மிச்சம். வியாழக்கிழமை காலை மனைவி பவானேஸ்வரி கோப்பிக் கோப்பையை நீட்டினாள். நீட்டிய கை நடுவில் நின்றது. விலாசம் தேடுகிறவள் மாதிரி அவன் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். பிறகு, "என்னங்க, ஆறுது" என்றாள். இவளுக்கும் மகள் தேவிஸ்ரீக்கும் தன்னைத் தெரியாமல் போய்விட்டால்? பதினான்கு வயதுப் பிள்ளை. இவர்கள் இரண்டு பேரும் 'யார் நீ' என்று கேட்டுவிட்டால் உயிரோடிருந்து என்ன பயன்? பயத்தில் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

கிழவியை விரட்டிய மறுநாளிலிருந்துதான் இதெல்லாம் என்று உறைத்ததும் குஞ்சம்மாவைத் தேடினான். கண்காட்சி நடத்தியவர்களுக்கு அவரைத் தெரியவில்லை. போன் நம்பர் வாங்கவில்லை, எந்தத் தோட்டம் என்றுகூடக் கேட்டுவைக்கவில்லை. சரி, செத்தவனுக்கு வேண்டியது படையல்தானே, நாமே போட்டுவிடுவோம் என்று முடிவு செய்தான். வேறு யார் வீட்டுப் பிணத்துக்கோ தானே உறவுக்காரனாகிவிடலாம் என்று நினைத்தான் பாருங்கள்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. பவானேஸ்வரி மகளை டியூஷனிலிருந்து கூட்டி வரப் போயிருந்தாள். கோகுலராஜ் பின்தட்டில் வாழையிலை விரித்து, சோறு, முட்டைக் குழம்பு, கோப்பி ஓ, ஒரு பாக்கெட் சிகரெட் எல்லாம் வைத்தான். படத்தைத் தூக்கிச் சாய்த்து நிறுத்தினான். இறக்கிய பின்கதவின் மேல் ஏறி முட்டி போட்டு, சூடம் ஏற்றினான். இனிப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிட்டால்தானே வந்து சாப்பிடுவார்கள்.

கிழவி சொன்ன பேர்.

நாக்கு வரைக்கும் கார்புரேட்டர்தான் வந்தது.

"ஐயா," என்றான். "வாங்கய்யா. உங்க பேரு எனக்கு... தெரியாது."

சூடம் அணைந்தது.

முட்டி வழுக்கியது. ஈரம் காதுக்குள் புகுந்தது. மல்லாந்து கிடந்தான். தலை விளிம்புக்கு வெளியே தொங்கியது. எழ நினைத்தான். விரல் அசையவில்லை. கத்த நினைத்தான். வாய் திறந்துதான் இருந்தது, சத்தம் வரவில்லை. சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழும் சத்தம் கேட்டது.

மழைக்குள் கால்கள். நிறையக் கால்கள். சேறு மிதிக்கும் சத்தம், சிமெண்டுத் தரையில்.

பின்கதவில் ஒரு பிரம்பு இரண்டு தட்டுத் தட்டியது.

"இவனத் தெரியுமா?"

பிரம்பு பிடித்த கை அவனுக்குத் தெரியவில்லை. தலைகீழாகத் தெரிந்தது மணியத்தின் முகம். மழைநீர் மூக்கில் வழிந்துகொண்டிருந்தது.

"தெரியாது."

தட்டு. தட்டு.

"தெரியாது." திலீபன்.

"தெரியாது." பக்கத்து வீட்டுக்காரர். வருடா வருடம் தீபாவளிக்கு முறுக்கு வாங்கித் தின்றவர்.

வரிசை நகர்ந்தது. ஒருவரும் அவசரப்படவில்லை. ஒவ்வொருவரும் குனிந்து, நிதானமாகப் பார்த்து, சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு கார் நின்றது. கதவு இரண்டு தடவை அடித்துச் சாத்திக்கொண்டது. அவனுக்கு அந்தச் சத்தம் தெரியும். வா, பவானி. ஓடி வா. இவனுங்ககிட்ட சொல்லு.

அவள் ஓடி வரவில்லை. வரிசையின் கடைசியில் நின்றாள். முறை வந்ததும் வந்தாள். குடை இல்லை. நெற்றிக் குங்குமம் மழையில் கரைந்து மூக்கில் இறங்கியிருந்தது.

"இவனத் தெரியுமா?"

அவள் கண் அவன் நெற்றித் தழும்பில் நின்றது. உதட்டில் நின்றது. கால்விரல்கள் தரையை இறுக்கிப் பிடித்தன. அவளுக்குத் தெரிந்திருந்தது. திலீபனைப்போல அவள் மறக்கவில்லை. அது அவனுக்கு நன்றாகப் புரிந்தது.

"தெரியாது" என்றாள் பவானேஸ்வரி, கணீரென்று.

தட்டு. தட்டு.

"பாப்பா. நீ சொல்லு. தெரியுமா?"

தேவிஸ்ரீயின் மோவாய் நடுங்கியது. "அப்..."

பவானேஸ்வரியின் உள்ளங்கை அவள் வாயைப் பொத்தியது. வளையல் பல்லில் இடித்தது. கை விலகவில்லை, இன்னும் இறுகியது. மகளின் தலையைப் பின்னாலிருந்து பிடித்து, அம்மாவே அதை இடமும் வலமும் ஆட்டிக் காட்டினாள்.

சாவி போடாமலே இன்ஜின் உறுமியது. வண்டி பின்னுக்கு நகர்ந்து கேட்டைத் தாண்டி, தெருவில் திரும்பி மழைக்குள் இறங்கியது. அவன் தலை விளிம்பில் ஆடியது. இமை மூடவில்லை. தெரு விளக்கடியில் அவர்கள் இரண்டு பேரும் சிறுத்துக்கொண்டே போனார்கள். பொத்திய கைக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் அவனையே, அவனை மட்டுமே, பார்த்துக்கொண்டு நின்றன.