பூஜ்யத்தை வகுத்தவர்

காலை 9.10. காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையின் மாடியில், பட்டுக்குச் சான்று தரும் கம்பெனியின் அலுவலகம். மேசையில் கிடந்த சேலையின் ஓரத்தில் இன்ஸ்பெக்டர் எல்லம்மாள் தீக்குச்சியைக் காட்டினார். பட்டென்றால் முடி கருகும் நாற்றம் வர வேண்டும். இது உருகி மணியாகச் சுருண்டது. சுத்த நைலான். ஆனால் பிளாக்செயின் என்ற கணினிப் பதிவேட்டில் அதற்கு 'முழு அசல் பட்டு' என்று சான்று இருந்தது.

அதில் ஏறியதை ஆண்டவனாலும் அழிக்க முடியாது என்பது முதலாளி சந்தோஷ்குமார் ஊரெல்லாம் அடித்த தம்பட்டம். இப்போது நூற்றுக்கணக்கான நைலான் சேலைகள் அதே சான்றோடு சந்தையில். பயந்துபோன கடைகள் நிஜப் பட்டையும் நெய்தவர்களுக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன.

"எல்லாம் இந்தப் பொண்ணு வேலை மேடம். நைலான்காரங்கிட்ட கை நீட்டிட்டா. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால வகுத்தா ஒண்ணுன்னு விடை எழுதி வச்சிருக்கா. உள்ள தள்ளுங்க!" என்றார் சந்தோஷ்குமார்.

நிக்கத் அங்கே சோதனை எழுதுபவள். சான்று தருவது கணினிக்குள் ஓடும் ஒரு மெய்நிகர் இயந்திரம். அதற்குக் கூட்டு, வகு என்று குட்டிக் குட்டிக் கட்டளைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வியும் விடையும் எழுதி வைப்பாள். இயந்திரம் அதே விடையைச் சொன்னால் பச்சை, மாறினால் சிவப்பு.

"ஏம்மா, நீ எழுதுனதா?"

"நான் பூஜ்யம்னுதான் எழுதுனேன் மேடம். இந்த மெஷினோட விதியே அதான். போன மாசம் அது சிவப்பா காட்டிக்கினு இருந்துச்சு. அப்புறம் பார்த்தா எல்லாம் பச்சை."

யார் மாற்றியது என்று பார்க்க வழியில்லை. அலுவலகத்துக்கே ஒரே லாகின், முதலாளியின் சிக்கனம்.

11.30. இயந்திரத்தைத் துருவிக்கொண்டிருந்த அலுவலகத்தின் இன்னொரு புரோகிராமர் முத்துக்குமார் நிமிர்ந்தான்.

"கோளாறு சிக்கிடுச்சு மேடம்! அசல் பட்டு எடையை மொத்தப் பட்டு எடையால வகுத்துதான் சான்று. நைலான்ல ரெண்டும் பூஜ்யம். வேகமா ஓடணும்னு யாரோ குறுக்கு வழி போட்டிருக்காங்க. ரெண்டு எண்ணும் சமமா இருந்தா வகுக்காத, ஒண்ணுன்னு சொல்லிடு. ஒண்ணுன்னா முழுப் பட்டு."

"சோதனையில விடை எப்படிப்பா மாறிச்சு?"

"சோதனைய உற்பத்தி பண்ற பட்டன் ஒண்ணு இருக்குது. ஒரே அமுக்கு, பத்தாயிரம் சோதனை. விடைய அது மெஷின்கிட்டயே கேட்டு எழுதிக்கும்."

"பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளை எப்படின்னு மாப்பிள்ளையவே கேட்ட மாதிரி. சரி, ரெண்டும் ரெண்டும் அஞ்சுன்னு மெஷினைக் கெடுத்துக் காட்டு."

கெடுத்தான். சிவப்பு. பட்டனை அமுக்கினான். பச்சை. இரண்டும் இரண்டும் ஐந்து என்பதற்குப் பத்தாயிரம் சாட்சிகள் கிடைத்தன.

எல்லம்மாள் திரும்பினார். "பட்டனை அமுக்கினது நீங்கதான் சந்தோஷ்குமார்."

"ஆதாரம்?"

"பூஜ்யம் விஷயம் பதினொன்றரைக்குத்தான் வெளிய வந்துச்சு. பத்தாயிரத்துல கெட்டது எதுன்னு நீங்க நான் வந்தவுடனே சொன்னீங்க."

சந்தோஷ்குமார் தண்ணீர் குடித்தார். "பணம் போடறவங்க பார்க்க வர்ற நாள்ல சிவப்பு காட்டினா எப்படி மேடம்?"

"புகார் உங்களோடதே இருக்கட்டும். குத்தவாளி பேரை மட்டும் மாத்திக்கிறேன்."

எல்லம்மாள் சந்தோஷ்குமாரோடு படியிறங்கிய பிறகு நிக்கத் கேட்டாள்: "சிவப்பு பச்சையானத நீயும் பார்த்தே இல்ல, முத்து?"

"எல்லாம் பச்சைன்னு அன்னைக்கு பிரியாணி போட்டாரே. நீயுந்தான துன்னே?"

நிக்கத் கணினிப் பக்கம் திரும்பினாள். தன் பழைய சோதனையைத் திரும்ப எழுதி ஓட்டினாள். சிவப்பு. நைலானுக்குக் கொடுத்த சான்றுகள் அப்படியே இருந்தன.

கீழே, திரும்பி வந்த தன் சேலையின் முந்தானையில் ஒரு நெசவாளர் தீக்குச்சியைக் காட்டிக்கொண்டிருந்தார். முடி கருகும் நாற்றம் மாடிவரை வந்தது.