அடக்கமானி

தூத்துக்குடி மீன் ஏலக்கூடத்தில் இப்போதெல்லாம் யாரும் கத்துவதில்லை. ஏலக்காரர் விலையைக் குழந்தைக்குத் தாலாட்டுப் பாடுவதுபோல் சொல்கிறார். வாங்க வந்தவர்கள், "அன்புகூர்ந்து எனக்கு" என்று விரலை உயர்த்துகிறார்கள். கெட்டுப்போன மீனைத் தலையில் கட்டிவிட்டால்கூட, "மனசுக்குக் கொஞ்சம் சங்கடமா இருக்குங்க" என்பதற்கு மேல் ஒரு சொல் வருவதில்லை. எல்லார் தொண்டைக்குழியிலும் பொட்டளவுத் தகடு ஒன்று ஒட்டியிருக்கிறது. அதற்குப் பெயர் அடக்கமானி.

முத்து என்கிற மின்நாணயம் முதலில் ஓர் இணைய மன்றத்துக்குள் மட்டும்தான் புழங்கியது. அந்த மன்றத்துக்கு அவை என்று பெயர். அங்கே ஓயாத சண்டை. யாராவது ஒருவன் எதையாவது கிளப்பிவிட்டால் காலையில் இருந்த விலை மத்தியானம் இருக்காது. அடித்துக்கொண்டு ஓய்ந்த பிறகு அவையை நடத்தியவர்கள் ஒன்றைக் கண்டுகொண்டார்கள்: நாணயத்தைக் கெடுப்பது பொய் இல்லை, சத்தம். சொல்லின் சூட்டை அளக்கும் பொறியை அதற்காகத்தான் செய்தார்கள். பணிவாக எழுதினால் புள்ளி ஏறும்; சூடாக எழுதினால் இறங்கும்; எல்லை தாண்டினால் அவைநீக்கம்.

அப்புறம் முத்து மீன்கடைக்கு வந்தது, வாடகைக்கு வந்தது, ஆஸ்பத்திரிக்கு வந்தது. பொறியும் திரையை விட்டு இறங்கித் தொண்டைக்கு வந்துவிட்டது. ஒரு முத்து கைமாற வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்கும் அவையோர் இருவர் தங்கள் தகட்டைத் தொட்டுச் சாட்சி நிற்க வேண்டும். மறுக்கலாம், குற்றமில்லை, மரியாதையாக மறுத்தால் போதும். ஆனால் அவைநீக்கம் ஆனவர்களுக்கு யாராவது சாட்சி நின்றால், நின்றவரின் புள்ளியில் பாதி போய்விடும். அதனால் யாரும் நிற்பதில்லை. நீக்கப்பட்டவரின் பையில் எத்தனை முத்து இருந்தாலும் அது கிணற்றில் விழுந்த நிலாதான்.

ரோஸ்லின் அவைக்காவலர். பொறி பிடித்துக் கொடுக்கும் குற்றங்களுக்கு மனிதர் ஒருவர்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது விதி. தீர்ப்புக்கு ஒரே இலக்கணம்: பொருளைப் பார்க்காதே, தொனியைப் பார். ஒன்பது வருடமாக அவள் அதிலிருந்து இம்மியும் பிசகியதில்லை. கடைத்தெருவில் நடந்தால் ஆட்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். கல்யாணம், காட்சி என்று எதுவும் இல்லாத தனிக்கட்டைக்கு அந்த வழிவிடல்தான் சொந்தபந்தம்.

அவளுடைய சிநேகிதி பெனிட்டாவும் காவலர்தான். இரண்டு பேரும் ஒரே கான்வென்டில் படித்தவர்கள், ஒரே தெருவில் குடியிருப்பவர்கள். பெனிட்டாவுக்குப் புள்ளி எப்போதும் விளிம்பில்தான் நிற்கும். வாய் கொஞ்சம் முந்திக்கொள்ளும்.

அந்த வருடம் தயாபரன் என்றொருவர் அவையில் ஊருணி என்ற பொதுக்கணக்கைத் தொடங்கினார். ஊரார் தங்கள் முத்துக்களை அதில் ஊற்றி வைக்கலாம், ஊறும், வேண்டும்போது மொண்டுகொள்ளலாம். அவர் முகத்தை யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவர் எழுத்தை வாசித்தால் வெயிலில் வந்தவனுக்கு மோர் கொடுத்த மாதிரி இருக்கும். "அடியேன் பிழை பொறுத்தருள்க" என்றுதான் ஆரம்பிப்பார். அவையிலேயே அதிகப் புள்ளி அவருக்குத்தான். மீன்காரர், வாத்தியார், கப்பல்கூலி, கன்னியாஸ்திரி மடம் என்று எல்லாரும் போட்டார்கள். ரோஸ்லினும் போட்டாள்.

பெனிட்டா அவையில் ஒரு கேள்வி கேட்டாள். "ஊருணியின் திறவுகோல் யார் யாரிடம் இருக்கிறது?"

"பெனிட்டா அம்மையாரின் அக்கறை அடியேனை நெகிழ வைக்கிறது. நன்றி" என்று பதில் வந்தது. திறவுகோலைப் பற்றி ஒன்றும் இல்லை. மறுபடி கேட்டாள். மறுபடி நன்றி. மூன்றாம் முறை கேட்டபோது, அவளுடைய கேள்வி தங்களைப் புண்படுத்தியதாக நூற்றுக்கணக்கானோர் பொத்தானை அமுக்கினார்கள். அன்று அவையின் பொதுக்கூட்டத்தில் எல்லாரும் கேட்க அவள் கத்திவிட்டாள்: "இவன் திருடன்! ஒங்க எல்லாரையும் முழுங்கப் போறான்!"

பொறி அவளைப் பிடித்தது. தீர்ப்புக்குரிய காவலரைக் குலுக்கி எடுத்ததில் ரோஸ்லினின் பெயர் விழுந்தது.

மறுநாள் மத்தியானம் பெனிட்டா வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நீதானட்டி தீர்ப்பு சொல்லணும்?"

"ஆமா. காப்பி குடிக்கியா?"

"காப்பி கெடக்கட்டும். அவன் திருடனா இல்லையா? அத மட்டும் சொல்லு."

"அத நான் பாக்கக் கூடாது பெனிட்டா."

"பாக்கக் கூடாது, சரி. ஒனக்குத் தெரியுமா தெரியாதா?"

ரோஸ்லினுக்குத் தெரியும். முத்துக்களின் போக்குவரத்து எல்லாருக்கும் திறந்தே கிடக்கிறது. பொறுமை உள்ளவர்கள் பார்க்கலாம். போன வாரம் அவள் பார்த்தாள். ஊருணிக்குள் வருகிற வாய்க்கால் ஆயிரம். வெளியே போகிற மடை ஒன்றே ஒன்று; அதன் சாவி தயாபரன் ஒருத்தரிடம். அவர் விடும்வரைதான் யாரும் மொள்ள முடியும்.

"நீ கொஞ்சம் பதமா சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"பதமா மூணு தடவ கேட்டேன். மூணு தடவயும் அவன் எனக்கு நன்றி சொன்னான்." பெனிட்டா சன்னல் வழியே தெருவைக் காட்டினாள். "நம்ம தெருவே போட்டிருக்குட்டி. மடத்துச் சிஸ்டர்மாரு போட்டிருக்காங்க. நீ என்ன விட்டாப் போதும், நான் திரும்பத் திரும்பக் கேப்பேன்."

"அப்ப என் மேல புகார் வரும்."

"வந்தா?"

ரோஸ்லின் காப்பிக்குத் தண்ணீர் வைக்கப் போனாள். பெனிட்டா போன பிறகு அந்தக் கத்தலை மீண்டும் ஓடவிட்டுக் கேட்டாள். சூடு எல்லைக்கு மேல் இருந்தது. அதில் சந்தேகமே இல்லை. நீக்கம் என்ற பொத்தானைத் தொட்டாள்.

அன்று சாயங்காலமே ஊருணியிலிருந்து தன் முத்துக்களை ஒன்றுவிடாமல் மொண்டு எடுத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு ஸ்டீபனும் அவன் மனைவியும் வந்து சாட்சி நின்றார்கள். ஏன் எடுக்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்பது மரியாதை இல்லை. அவளும் சொல்லவில்லை, சொன்னால் பதற்றம் கிளப்பிய குற்றம். போகும்போது ஸ்டீபன் சந்தோஷமாகச் சொன்னான்: "எங்க மக கல்யாணத்துக்குன்னு வச்சதெல்லாம் ஊருணியிலதாங்க்கா போட்டிருக்கோம்." ரோஸ்லின், "ரொம்ப சந்தோஷம்" என்றாள்.

அடுத்த மாதம் துறைமுகத்தில் பெட்டி தூக்கும் கிரேனின் கம்பி அறுந்து, பெனிட்டாவின் புருஷன் மிக்கேலின் கால் நசுங்கியது. தனியார் ஆஸ்பத்திரியில் கொண்டு போட்டார்கள். உடனே அறுவை சிகிச்சை செய்தால் காலைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். பெனிட்டாவின் பையில் அதற்கு வேண்டிய முத்து இருந்தது. நகரத்தான் செய்யாது.

செய்தி கேட்டு ரோஸ்லின் போனாள். நோயாளியைப் பார்க்கப் போவது பண்பு. அதற்குப் புள்ளி உண்டு. நடையில் பெனிட்டா ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். பின்னாலேயே ஒரு நர்ஸ் வந்தாள்.

"நான் ஒரு சாட்சி நிக்கேங்க" என்றாள் நர்ஸ். "பாதி போனாப் போகட்டும். இன்னும் ஒருத்தர்தான் வேணும்."

ரோஸ்லின் மனதில் கணக்கு ஓடியது. பாதி போனால் காவலர் பதவி போகும். கடைத்தெருவில் இனி யாரும் ஒதுங்க மாட்டார்கள். பெனிட்டாவின் விரல்கள் ஈரமாக இருந்தன. அவற்றிலிருந்து தன் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"தங்கள் துயரத்தில் பங்குகொள்கிறேன்" என்றாள். "மன்னிக்கவும். தற்போது இயலவில்லை."

பெனிட்டா அவளை விநோதமாகப் பார்த்தாள். "யார்ட்டட்டி பேசுத? நான் பெனிட்டா."

ரோஸ்லின் கைகூப்பிவிட்டுத் திரும்பி நடந்தாள். மிக்கேலைக் கூட்டம் நெருக்கும் அரசாங்கப் பெரியாஸ்பத்திரிக்கு மாற்றி, முறை வரும்வரை காத்திருந்து, கடைசியில் தொடைக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள்.

மழைக்காலத்தில் ஊருணி வற்றியது. காலையில் எல்லார் திரையிலும் ஒரே வாசகம்: "அடியேன் விடைபெறுகிறேன். தங்கள் நம்பிக்கைக்கு என்றும் கடமைப்பட்டவன்." ஊர் முழுவதும் போய்விட்டது. மடத்தில் அரிசிப்பானை காலி. ஸ்டீபன் மகளின் கல்யாணம் நின்றது. ஆனாலும் ஒருவரும் கத்தவில்லை. கத்தினால் மிச்சம்மீதி இருப்பதும் முடங்கிவிடும். வாயைத் திறந்தவர்களும், "சற்றே ஏமாற்றமாக உணர்கிறோம்" என்று எழுதினார்கள். அதற்குச் சிலர் நன்றிகூடத் தெரிவித்தார்கள், பழக்கதோஷம்.

பிறகு யாரோ பொறுமையாக உட்கார்ந்து முத்துக்களின் போக்குவரத்தைப் பார்த்தார்கள். பெனிட்டாவை நீக்கிய நாளும் ரோஸ்லின் மொண்டெடுத்த நாளும் ஒன்று என்பது ஊருக்குத் தெரிந்தது.

மறுநாள் ஏலக்கூடத்தில் ரோஸ்லின் ஒரு விளமீனைத் தேர்ந்தெடுத்தாள். வழக்கம்போல் அவளுக்கு ஒதுங்கி வழிவிட்டார்கள். சாட்சிக்காகப் பக்கத்தில் நின்றவரைப் பார்த்தாள்.

"மன்னிக்கணும் அம்மா. தற்போது இயலவில்லை" என்றார் அவர், புன்னகையோடு.

அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்த பெண் கைகூப்பி, தலை தாழ்த்தி, இன்னும் இனிமையாகச் சொன்னாள். யார் குரலிலும் பிசிறில்லை. பால்கடை, மருந்துக்கடை, பேருந்து எங்கே போனாலும் அதே கதை. ஸ்டீபன் கதவைத் திறந்து, அவள் உடல்நலம் விசாரித்து, தண்ணீர் கொடுத்து, இயலவில்லை என்றான். ஒவ்வொரு மறுப்புக்கும் அவள் நன்றி சொன்னாள். ஒவ்வொரு நன்றிக்கும் அவள் புள்ளி ஏறியது. பை நிறைய முத்து இருந்தது. வீட்டு அரிசி டப்பாவில் அடி தெரிந்தது.

அரிசி தீர்ந்த மறுநாள் அவள் ஏலக்கூடத்தின் நடுவில் போய் நின்றாள்.

"ஏன் இப்படிப் பண்ணுதீங்க?" என்று தொண்டை கிழியக் கத்தினாள். "நான் தெரிஞ்சேதான் செஞ்சேன்! அவன் திருடன்னு தெரிஞ்சேதான் அவள வெளிய தள்ளினேன்! திட்டுங்க! காறித் துப்புங்க! யாராவது ஒருத்தர் ஒரு வார்த்த சொல்லுங்களேன்!"

அவள் தகடு சிவந்தது. கூடம் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தது. நீக்கிவிடுவார்கள் என்று நினைத்தாள். நீக்கிவிட்டால் இந்தச் சிரிப்புகளிலிருந்தாவது தப்பலாம். சிறிது நேரத்தில் காவலர்களின் தீர்ப்பு வந்தது: "அன்னாரின் மனவேதனை கருதிப் பொறுத்தருளப்படுகிறது. தம் பிழையைத் தாமே உரைத்த பெரும்பண்புக்கு நூறு புள்ளி." கூடத்தில் இருந்த அத்தனை பேரும் தங்கள் தகட்டைத் தொட்டு அவளைப் பாராட்டினார்கள். பிறகு மீனை வாங்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.

நீக்கப்பட்டவர்கள் ஊருக்கு வெளியே, உப்பளத்தை ஒட்டிக் குடிசை போட்டிருந்தார்கள். பழைய ரூபாய்த் தாள்களை வைத்துக்கொண்டும், பண்டத்துக்குப் பண்டம் மாற்றிக்கொண்டும் காலம் தள்ளினார்கள். ரோஸ்லின் நடந்தே போனாள். தூரத்திலிருந்தே அந்தச் சந்தையின் இரைச்சல் கேட்டது. நெத்திலிக்காக ஒருத்தி இன்னொருத்தியின் ஏழு தலைமுறையையும் இழுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொருவர் தொண்டையிலும் தகடு இருந்த இடம் வட்டமாக வெளுத்திருந்தது.

பெனிட்டாவின் வீட்டைக் காட்டிவிட்டார்கள். கதவு திறந்திருந்தது. கட்டிலில் மிக்கேல், பக்கத்தில் சாய்த்து வைத்த கட்டை. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அந்த வாசனையில் ரோஸ்லினுக்குக் கண் இருட்டியது.

"பெனிட்டா" என்றாள். "எனக்குச் சோறு வேண்டாம். என்னத் திட்டு. பள்ளிக்கூடத்துல திட்டுவியே, அப்படித் திட்டு. ஒனக்குத்தான் யாரும் தடை சொல்ல முடியாதே."

மிக்கேல் கட்டையை எட்டிப் பிடித்து எழுந்தான். "ஏ பாவி, எந்த மூஞ்ச வச்சிக்கிட்டுட்டி நீ..."

"நீரு சும்மா இரும்" என்றாள் பெனிட்டா.

வாசலுக்கு வந்தாள். இளைத்துக் கறுத்திருந்தாள். ரோஸ்லினை ஏறிட்டுப் பார்த்தாள். பின் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, இரண்டு கைகளையும் கூப்பினாள்.

"வாருங்கள் ரோஸ்லின் அம்மையாரே. தாங்கள் இவ்வளவு தொலைவு வந்தது எங்கள் பாக்கியம். தாங்கள் கேட்டதைத் தர, மன்னிக்கவும், தற்போது இயலவில்லை."

"பெனிட்டா, நான் ரோஸ்லின்..."

"தங்கள் வருகைக்கு நன்றி" என்று தலை தாழ்த்திவிட்டுப் பெனிட்டா கதவைச் சாத்தினாள்.

ரோஸ்லின் நின்ற இடத்திலேயே நின்றாள். உள்ளே பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது.

"சோறு அடிபிடிக்கே, ஒமக்கு மூக்கு அவிஞ்சா போச்சு?" பெனிட்டாவின் குரல் கூரையைத் தூக்கியது. "காலத்தான் வெட்டினான், கையையுமா வெட்டிட்டான்? ஒரு கரண்டி எடுத்துக் கிண்டினா என்னவாம்?"

"நீ வாசல்ல நின்னு சீராட்டிக்கிட்டு இருந்தா நான் என்னட்டி செய்ய? கூறுகெட்டவளே!"

"யாரு கூறுகெட்டவ? ஒம்ம கட்டிக்கிட்டேன் பாரும், அப்பவே கெட்டுச்சு!"

"தின்ன வை மொதல்ல, மூதேவி! பசி உயிர் போகுது!"

வசவு நிற்கவில்லை. நடுவில் தட்டு வைக்கும் சத்தமும், சோறு போடும் சத்தமும் கேட்டன. ரோஸ்லின் ஓலைச் சுவரில் காதை ஒட்டவைத்து, ஒரு சொல்லும் விடாமல் கேட்டுக்கொண்டு நின்றாள்.