சுருங்காத படலம்

அடுப்பிலிருந்து எடுத்த படலம் குளிர்ந்திருந்தது.

இடுக்கியால் பிடித்திருந்ததால் குகனேஸ்வரிக்கு முதலில் தெரியவில்லை. நூற்றைம்பது பாகைச் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்த துண்டு அது. கீழே விரித்திருந்த கடதாசி மஞ்சளித்துக் கருகல் மணம் வீசியது. படலம் தவறிப்போய்ப் புறங்கையில் பட்டபோதுதான் துணுக்குற்றாள். கிணற்றுத் தண்ணீர் தெறித்ததுபோல் இருந்தது.

அளவுகோலை வைத்துப் பார்த்தாள். ஐந்து சென்ரிமீற்றர். உள்ளே போன அளவே வெளியே வந்திருந்தது.

எட்டு மாதமாக அவள் கண்டதெல்லாம் சுருக்கம்தான். லித்தியம் பற்றரிக்குள் இரண்டு தகடுகளையும் ஒட்டவிடாமல் பிரித்து வைப்பது, தலைமயிரைவிட மெல்லிய ஒரு பிளாஸ்ரிக் படலம். சூடேறினால் அது சுருங்கும். சுருங்கினால் தகடுகள் முட்டும். முட்டினால் நெருப்பு. அலுமினாத் தூளைப் பசையில் குழைத்துப் பூசினால் தாங்கும் என்று சொன்னவள் அவள்தான். தடிப்பாகப் பூசினால் பொருக்கு வெடித்து உதிர்ந்தது. மெல்லிதாகப் பூசினால் அனலில் காட்டிய வாழையிலைபோல வாடிச் சுருண்டது. இருநூற்றுப் பதினொரு துண்டுகள் இப்படியே போயின. யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் படிப்பித்தவள், இத்தாலிக்கு வந்து பலேர்மோவில் ஆறு வருடம் வீடுகள் துடைத்து, இந்த ஆய்வுகூடத்தையும் துடைக்க வந்து, கைப்பக்குவத்தைக் கண்டு அடுப்புக்கு முன் நிறுத்தப்பட்டவள். ஆகஸ்ட் முடிவதற்குள் ஒரு நல்ல துண்டையாவது காட்டாவிட்டால் ஆய்வை மூடிவிடுவார்கள். வேலை போனால் பெர்மெஸ்ஸோவை, அந்த வதிவிட அனுமதியை, புதுப்பிக்கவும் வழியில்லை.

கடற்கரையில் விடுமுறையில் இருந்த ஆய்வுத் தலைவருக்கு, தொத்தோரேக்கு, தொலைபேசி எடுத்தாள்.

“அடுப்பு பழுதாயிருக்கும் சிஞோரா. இல்லையென்றால் நீங்கள் பிழையாக அளந்திருப்பீர்கள். திரும்பச் செய்யுங்கள்” என்றார் அவர். பின்னால் யாரோ தண்ணீரில் குதித்துச் சிரித்தார்கள். இணைப்பு அறுந்தது.

கட்டடத்து வாசலில் காவல் நிற்கும் றஞ்சித் கதவருகே வந்து எட்டிப் பார்த்தார். மன்னார்க்காரர், நாற்பது வயதிருக்கும்.

“ஊரே கடலுக்குப் போட்டுது. நீங்கள் இஞ்சை கிடந்து வேகுறீங்கள், ரீச்சர்.”

“ஒண்டு சுருங்கேல்லை, றஞ்சித். தொட்டுப் பாருங்கோ.”

விரலை வைத்தவர் உடனே இழுத்துக்கொண்டார். “இதென்ன, பிரேதம் மாதிரிக் குளிருது.” சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. “பிறகு கோப்பி கொண்டுவாறன்” என்று படியிறங்கினார்.

அளக்கத் தெரியாதவளாம். குகனேஸ்வரி எரிச்சலோடு அடுப்பை இருநூறுக்குத் திருகி, அதே துண்டை உள்ளே தள்ளினாள்.

ஆகஸ்ட் நடுப்பகல். ஆபிரிக்காவிலிருந்து மணலை வாரிக்கொண்டு வரும் காற்று நகரின் கால்சாப் பகுதியிலுள்ள பழைய மாளிகைகளை இரண்டு நாளாக உரசிக்கொண்டிருந்தது. மூன்றாம் மாடி ஜன்னலின் மரச்சட்டங்களை இறக்கிவிட்டிருந்ததால் அறைக்குள் வெளிச்சம் கீற்றுக் கீற்றாக விழுந்தது. கீழே முற்றத்தில் யாரோ கோப்பை கழுவினார்கள். தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் இருமி இருமிப் போனது. சுவருக்குள் தண்ணீர்க்குழாய் முனகியது. உருகிய பிளாஸ்ரிக்கின் இனிப்பு நாற்றம், எட்டு மாதமாக அவள் தலைமயிரிலும் சட்டையிலும் ஊறிப்போன நாற்றம், அன்று மட்டும் இல்லை.

ஒரு மணி நேரம் கழித்துத் திறந்தாள். கடதாசி கரியாகிக் கிடந்தது. படலம் முன்னிலும் குளிர்ந்திருந்தது. ஐந்து தசம் நான்கு.

வளர்ந்திருந்தது.

கத்தரிக்கோலை எடுத்து ஓரத்தை வெட்டினாள். அலகுகள் வழுக்கின. மறுபடி அழுத்தினாள். கீறல்கூட விழவில்லை. எத்தனை இரவு இதற்காக மன்றாடியிருப்பாள்! கிடைத்திருக்கிறது. சந்தோசம் மட்டும் வரவில்லை. வெளிச்சத்தில் வைத்து நன்றாகப் பார்க்கலாமென்று அதை மேசையில் போட்டுவிட்டு, மரச்சட்டங்களைத் திறக்கப் போனாள்.

திரும்பியபோது மேசை வெறுமையாக இருந்தது.

குனிந்து தேடினாள். கதிரைக்குக் கீழே. அடுப்புக்குப் பின்னால். எங்குமில்லை. தேடும்போதே ஏதோ குறைந்துகொண்டு வருவதுபோல் பட்டது. கோப்பை கழுவும் சத்தம் நின்றிருந்தது. தெருச் சத்தம் நின்றிருந்தது. பிறகு, குழாயின் முனகலும் நின்றது.

அவளுடைய மூச்சு மட்டும் கேட்டது.

வாசலுக்கு ஓடினாள். முழங்கை எதிலோ இடித்தது. குளிர். கதவு திறந்துதான் இருந்தது. ஆனால் நிலையின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம்வரை மெல்லிய மினுக்கம்.

அப்போது றஞ்சித் கோப்பியோடு வந்தார். நடையில் நின்றார். வாய் அசைந்தது. சத்தமில்லை.

“றஞ்சித்! உள்ளை வராதேங்கோ! ஆரையும் கூப்பிடுங்கோ!”

அவருக்கும் கேட்கவில்லை. கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு வலக்கையை விரித்து அந்த மினுக்கத்தில் ஊன்றித் தள்ளினார். படலம் கிழியவில்லை. ஐந்து விரல்களும் உள்ளங்கை ரேகைகளும் அவள் பக்கமாகப் புடைத்து வந்தன. அவருடைய முகம் வெளிறியது. மற்றக் கையால் மணிக்கட்டைப் பற்றி இழுத்தார். இழுத்தார். கை விடுபட்டது. அவர் பின்னால் விழுந்து, எழுந்து, படிப்பக்கம் ஓடினார்.

குகனேஸ்வரி ஜன்னலுக்குப் பாய்ந்தாள். அங்கும் குளிர். அதே மினுக்கம். அதனூடாகக் கீழே முற்றம் தெளிவாகத் தெரிந்தது. றஞ்சித் வெயிலில் ஓடிக்கொண்டிருந்தார். இரண்டு கைகளும் தலையில் இருந்தன. பெரிய கதவைத் தாண்டித் தெருவில் மறைந்தார்.

ஆள் கூட்டிவரத்தான் போகிறார். வந்துவிடுவார்.

மெல்லத் திரும்பினாள்.

நடையில் ஒருவருமில்லை. நிலத்தில் கோப்பி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. வாசல் படலத்தில் அந்தக் கை இன்னும் புடைத்தபடி நின்றது. ஐந்து விரல்கள். ரேகைகள்.

சின்னவிரல் மடங்கியது.

பிறகு அடுத்தது.