மாடிப்படியில் மாட்டிய சோபா

வீட்டிலுள்ள பெரிய பழைய சாமான்களை அள்ளிப்போக நகராட்சி லாரி வருடத்துக்கு ஒரு நாள்தான் வரும். உடைந்த கட்டில், கிழிந்த மெத்தை, ஓடாத ஃபிரிட்ஜ் எல்லாம் அன்று தெருவுக்கு வந்துவிட வேண்டும். வராதவை அடுத்த வருடம்வரை வீட்டிலேயே கிடக்கும்.

இந்த வருடம் அந்த வேலைக்குப் பொறுப்பு, நகராட்சியில் வேலை பார்க்கும் சுண்டெலியின் அம்மா. சுண்டெலி என்பது பட்டப்பெயர்தான். வகுப்பிலேயே அவள்தான் சின்ன உருவம். 'சுண்டெலி' என்று கூப்பிட்டால் சிரிப்பாள். 'எலி' என்று சுருக்கினால் மட்டும் முறைப்பாள்.

அம்மா பல வாரங்களாகத் தெருத்தெருவாக நடந்து எல்லோரிடமும் பேசியிருந்தார். மாடிவீட்டுக்காரர்கள் எங்கே இறக்கப் போகிறார்கள், இதெல்லாம் வீண் அலைச்சல் என்று அலுவலகத்தில் சிலர் சிரித்தார்களாம். முடியும் என்று காட்டத்தான் முதல் லாரியைத் தாங்கள் குடியிருக்கும் கட்டடத்துக்கே வரச் சொன்னார் அம்மா. நான்கு மாடி. லிஃப்ட் கிடையாது.

காலையில் லாரி வந்து நின்றது. அதை மேல்மாடிகளில் சொல்லிவிட்டு வரச் சுண்டெலி ஓடினாள். அவள் திரும்பி இறங்குவதற்குள் வழி அடைபட்டிருந்தது.

மூன்றாம் மாடி பாட்டு டீச்சரின் சோபா, படி திரும்பும் இடத்தில் வசமாக மாட்டிக்கொண்டிருந்தது. ஒரு முனை சுவரை இடித்தது. மறுமுனை கைப்பிடிக் கம்பியில் சிக்கி நின்றது. தூக்கி வந்தவர்கள் கீழே. சுண்டெலியும் டீச்சரும் மேலே. அவர்களுக்குப் பின்னால் நான்காம் மாடிக் குடும்பங்கள், தலையில் மெத்தையும் தோளில் கட்டில் பலகையுமாக.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். ஒருவர் இழுக்கச் சொன்னார், இன்னொருவர் தள்ளச் சொன்னார். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தார்கள். சோபா இன்னும் நன்றாக இறுகிக்கொண்டது. மெத்தைக்கு அடியிலிருந்து ஒரு குரல், கழுத்து போய்விட்டது என்று புலம்பியது.

கீழேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. அடுத்த தெருவிலும் ஆட்கள் காத்திருக்கிறார்கள், லாரியை ரொம்ப நேரம் நிறுத்த முடியாது என்றார். குரல் உறுதியாகத்தான் இருந்தது. ஆனால் அலுவலகத்தில் சிரித்தவர்களைத்தான் அம்மா நினைத்துக்கொண்டிருப்பார் என்று சுண்டெலிக்குத் தெரிந்தது.

"எல்லாம் இந்த டீச்சரால வந்தது" என்று பின்னாலிருந்து யாரோ முணுமுணுத்தார்.

பாட்டு டீச்சர் படியில் உட்கார்ந்துவிட்டார். தினமும் கட்டடம் முழுக்கக் கேட்கும்படி பாடுகிறவர் அவர். ரம்பம் கொண்டுவந்து வெட்டிவிடுங்கள் என்று இப்போது மெதுவாகச் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

சுண்டெலிக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். என்ன பேசுவதென்று தெரியாமல், தோன்றியதைக் கேட்டாள்.

"டீச்சர், இது மேல எப்படி வந்துச்சு?"

"என்னம்மா?"

"இறங்க மாட்டேங்குதே, அன்னிக்கு எப்படி ஏறுச்சு?"

டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். கடைக்காரர்கள் இதை முழுசாகக் கொண்டுவரவில்லை, காலும் கைப்பிடியும் தனித்தனியாக வந்தன, வீட்டுக்குள் வைத்துத்தான் மாட்டினார்கள் என்று ஒவ்வொன்றாக நினைவுபடுத்திச் சொன்னார். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது.

சுண்டெலி குனிந்து சோபாவுக்கு அடியில் பார்த்தாள். ஒவ்வொரு காலுக்கு மேலும் ஒரு நட்டு தெரிந்தது.

"அம்மா, கழட்டலாம். அடியில நட்டு இருக்கு. நான் உள்ள போயிடுவேன்."

எல்லோரும் சோபாவுக்கும் படிக்கும் நடுவே இருந்த சின்ன இடுக்கைப் பார்த்தார்கள். பிறகு சுண்டெலியைப் பார்த்தார்கள். வேறு யாரும் அதற்குள் நுழைய முடியாது.

அம்மா உடனே சரி சொல்லவில்லை. முதலில் சோபா நழுவாதபடி கீழே இரண்டு கட்டில் பலகைகளை முட்டுக் கொடுக்கச் சொன்னார். தானே அசைத்துப் பார்த்தார். அப்புறம்தான் லாரி டிரைவரிடம் ஸ்பானர் வாங்கி, கம்பி இடுக்கு வழியாக மேலே நீட்டினார்.

"பாத்து, கண்ணு."

சுண்டெலி உள்ளே ஊர்ந்து போனாள். ஒரே தூசி. இரண்டு தும்மல் போட்டாள். முதல் நட்டு அசையவே இல்லை. எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று டிரைவர் அண்ணன் கீழேயிருந்து சொல்லிக்கொடுத்தார். இரண்டு கையாலும் பிடித்து மூச்சைப் பிடித்துத் திருப்பினாள். கிரீச்சென்று இளகியது.

ஒரு கால் கழன்றது. அடுத்ததும் கழன்றது. பிறகு கம்பியில் சிக்கியிருந்த கைப்பிடி.

அவள் வெளியே வந்ததும் கீழே இருந்தவர்கள் சோபாவை லேசாகச் சாய்த்தார்கள். எதிலும் இடிக்காமல் அது திரும்பி, சாதுவாக இறங்கிப் போனது. அதன் பின்னால் மெத்தைகள், பலகைகள், ஒரு ஃபிரிட்ஜ். முணுமுணுத்தவர் நின்று, டீச்சர் கையிலிருந்த சோபாக் காலைத் தானே வாங்கிக்கொண்டு இறங்கினார்.

லாரி நிறைந்தது. கட்டடத்தில் ஒரு பழைய சாமான்கூட மிச்சமில்லை. அம்மா அண்ணாந்து நான்கு மாடியையும் பார்த்தார். சுண்டெலியின் தலையிலிருந்த ஒட்டடையைத் தட்டிவிட்டார்.

அப்போது அம்மாவின் போன் அடித்தது. அடுத்த தெருவில் நிற்கும் மேற்பார்வையாளர்.

"மேடம், இங்க ஒரு பீரோ படியில மாட்டிக்கிச்சு. அங்க சோபாவை இறக்க யாரோ வழி கண்டுபிடிச்சாங்களாமே. அவங்களைக் கொஞ்சம் அனுப்ப முடியுமா?"

"அனுப்பறது என்ன, நானே கூட்டிட்டு வரேன்" என்றார் அம்மா. "என் பொண்ணுதான்."

சுண்டெலி ஸ்பானரைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அம்மாவுக்கு ஓர் அடி முன்னால் நடந்தாள்.